கடைசி மாதத்தின் மந்திரம்

1

2010-இல் நான் பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தேன். எங்கள் அறையில் நான்கு பேருக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் மாஸ் எஃபெக்ட் 2 எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். யாரோ ஒருத்தனின் ஹார்ட் டிஸ்கிலிருந்து இன்னொருத்தனின் ஹார்ட் டிஸ்குக்குத் தாவி, விடுதியின் மூன்று மாடிகளையும் சுற்றிவிட்டு எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தது. அதைக் காசு கொடுத்து வாங்கியது பல வருடம் கழித்து, சம்பளம் வர ஆரம்பித்த பிறகுதான்.

இரவு பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை என் முறை. அறைத்தோழன் பின்னால் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய பொறுமை பத்து நிமிடம்.

"டேய், பேசிட்டே இருக்க. எப்பதான் சுடுவ?"

நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். ஒவ்வொரு மிஷன் முடிந்ததும் நார்மண்டி என்கிற அந்த விண்கப்பலில் தளம் தளமாக இறங்கி, ஒவ்வொருவரிடமும் போய் நிற்பேன். எல்லோரையும்விட அதிகமாகப் போய் நின்றது மார்டின் சோலஸ் என்ற விஞ்ஞானியிடம். வாக்கியத்தில் எழுவாயை விழுங்கிவிட்டு, மூச்சு விடாமல் பேசும் வேற்றுக்கிரகக் கிழவர். குரோகன் என்ற இனத்தின் பிறப்பு விகிதத்தை அடக்கிவைக்கும் ஒரு நோய்க்கூறைப் புதுப்பித்தவர்களில் அவரும் ஒருவர். செய்தது சரிதான் என்று முதலில் கணக்குப் போட்டு நிரூபிப்பார். பிறகு ஒரு மிஷனில், அந்த நோய்க்கு மருந்து தேடும் பரிசோதனையில் செத்துப்போன ஒரு குரோகன் பெண்ணின் உடலுக்கு முன்னால் நிற்பார். அவருடைய கணக்கு அங்கே தடுமாறும். நான் டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்த அந்த உரையாடல்தான், யாரும் கட்டாயப்படுத்தாமல் ஆங்கிலத்தில் நான் முழுதாகப் படித்த முதல் இலக்கியம். இலக்கியம் என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன்.

கடைசி மிஷனில் மார்டினைத் தவறான இடத்தில் நிறுத்திவிட்டேன். செத்துப்போனார். அன்று இரவு இரண்டரை மணிக்கு அறைத்தோழன் எழுந்து, "யாராவது செத்துட்டாங்களா, ஏன்டா இப்டி உக்காந்திருக்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

2025 ஜனவரியில், மாஸ் எஃபெக்டை உருவாக்கிய பயோவேர் ஸ்டூடியோவில் இப்போது நூறு பேருக்கும் குறைவானவர்களே மிச்சம் என்று செய்தி வந்தது. வேலை இழந்தவர்களில் டிரிக் வீக்ஸ் என்ற எழுத்தாளரும் ஒருவர். மாஸ் எஃபெக்ட் 2-இல் மார்டினை எழுதியவர் அவர்தான்.

இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்குப் பயோவேர் என்பது ஒரு மீம். தோற்றுப்போன கம்பெனிக்கு ஓர் உதாரணம். எனக்கு அது அப்படி இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். எப்படி ஒரு ஸ்டூடியோ தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தை மறந்துபோகிறது என்பதே என் கேள்வி.

2

கதையின் தொடக்கம் விசித்திரமானது. 1995-இல் கனடாவின் எட்மண்டன் நகரில் ரே முசைக்கா, கிரெக் ஜெஸ்சுக், அகஸ்டீன் யிப் என்ற மூன்று மருத்துவர்கள் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம் பயோவேர். மருத்துவக் கல்விக்கான மென்பொருள்களைச் செய்து பார்த்தவர்கள், கேம் பக்கம் வந்தார்கள். யிப் சீக்கிரமே மருத்துவத்துக்குத் திரும்பிவிட்டார். முதல் கேம் ஷாட்டர்ட் ஸ்டீல், 1996-இல் வந்தது. இரண்டாவதாக 1998 டிசம்பரில் இன்டர்ப்ளே வெளியிட்டது பால்டர்ஸ் கேட். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை வைத்து எழுதப்பட்ட அது ஐந்து சிடிக்களில் வந்தது. அதைச் செய்த குழுவில் பெரும்பாலானவர்களுக்கு அதற்கு முன் ஒரு கேமை முடித்து வெளியிட்ட அனுபவமே கிடையாது.

முதல் பால்டர்ஸ் கேட்டை இன்று எடுத்து விளையாடினால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். நம்மோடு வரும் தோழர்கள் அதில் அதிகம் பேசுவதில்லை. சேரும்போது நாலு வரி, கோபித்தால் இரண்டு வரி, அவ்வளவுதான். 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அவர்கள் வாயைத் திறந்தார்கள். தங்களுக்குள் சண்டை போட்டார்கள், காதலித்தார்கள், நம் முடிவு பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பயோவேர் தன்னுடைய கலை வடிவத்தைக் கண்டுபிடித்தது அங்கேதான். உலகத்தைக் காப்பாற்றும் கதையை எல்லோரும்தான் சொன்னார்கள். அந்தக் கதைக்குள் நம்மைக் கவனித்துக்கொண்டே கூட நடக்கும் ஆறேழு பேரை வைத்தது இவர்களுடைய கண்டுபிடிப்பு.

நாவல் வாசிக்கும்போது நாம் பாத்திரத்தைப் பார்க்கிறோம், அது நம்மைப் பார்ப்பதில்லை. பயோவேரின் நல்ல கேம்களில் பாத்திரம் நம்மைத் திரும்பிப் பார்க்கும். போன மாதம் நாம் சொன்ன ஒன்றை ஞாபகம் வைத்திருக்கும். 2007-இல் வந்த முதல் மாஸ் எஃபெக்டில் விர்மயர் என்ற கிரகத்துக் காட்சி ஓர் உதாரணம். ரெக்ஸ் என்ற குரோகன் வீரனின் இனத்துக்கு மருந்து கிடைக்கக்கூடிய ஆய்வகத்தை நாம் வெடிவைத்துத் தகர்க்கப் போகிறோம். ரெக்ஸ் துப்பாக்கியை நம் மேல் நீட்டுகிறான். அந்த இடத்தில் நம் குறி தப்புமா தப்பாதா என்பது பிரச்சினையே இல்லை. இதற்கு முன் அவனோடு உட்கார்ந்து பேசினோமா, அவனுடைய குடும்பத்துக் கவசத்தைத் தேடிக் கொடுத்தோமா, பேச்சுத் திறமையை வளர்த்துக்கொண்டோமா என்பதை வைத்துத்தான் அவன் உயிர் தப்பும். பேசாமல் சுட்டுக்கொண்டே வந்தவனுக்கு அங்கே ரெக்ஸ் கிடைக்காமல் போகலாம்.

2003-இல் வந்த ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்கும் அப்படித்தான். இருபது வருடம் தாண்டிவிட்டது, ஸ்பாய்லர் சொன்னேன் என்று கோபிக்காதீர்கள். பாதிக் கதை தாண்டியதும், நாம் துரத்திக்கொண்டிருக்கும் கொடுமைகளின் பழைய தலைவனே நாம்தான், ஞாபகம் அழிக்கப்பட்டவர்கள் என்று தெரிகிறது. கேம்களில் கதாநாயகனுக்குக் கடந்தகாலம் இல்லாமல் இருப்பது சகஜம், அந்த வெற்றிடத்தில் நாம் நம்மை நிரப்பிக்கொள்வோம். அந்த வழக்கத்தையே கதையாக மாற்றினார்கள். வெற்றிடம் என்று நினைத்தது மறதி என்று தெரிந்ததும் விளையாடுபவனுக்கு முதுகு சில்லிடும்.

ஆக, பயோவேரின் கலை என்பது ஞாபகத்தின் கலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

3

"பயோவேரைக் கொன்னது ஈஏதான்." விடுதி மொட்டைமாடியிலிருந்து இன்றைய டிஸ்கார்ட் குழுக்கள் வரை இந்த வாக்கியம் மாறவே இல்லை. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2007 அக்டோபரில் பயோவேரையும் பாண்டெமிக் என்ற இன்னொரு ஸ்டூடியோவையும் சேர்த்து வாங்குவதாக அறிவித்தது. 86 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட ஒப்பந்தம். இரண்டே வருடத்தில், 2009 நவம்பரில், பாண்டெமிக் மூடப்பட்டது. அதற்கு முன்பே புல்ஃப்ராக், வெஸ்ட்வுட், ஆரிஜின் என்று ஈஏ வாங்கி மூடிய ஸ்டூடியோக்களின் வரிசை நீளமானது. 2017-இல் விசெரல் மூடப்பட்டது. இவ்வளவு பிணங்கள் கிடக்கும் வீட்டில் இன்னொன்று விழுந்தால் யாரைச் சந்தேகப்படுவோம்?

நானும் ரொம்ப நாள் இதைத்தான் நம்பினேன். வில்லன் இருந்தால் கதை எளிது. ஆனால் தேதிகளை வரிசைப்படுத்தினால் கதை ஒத்துவரவில்லை. ஸ்டூடியோவின் உச்சம் என்று பலரும் சொல்லும் மாஸ் எஃபெக்ட் 2 வந்தது 2010 ஜனவரியில், ஈஏ வாங்கியதற்குப் பிறகு. டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் 2009 நவம்பரில், அதுவும் பிறகு. 2014-இல் வந்த டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன் தி கேம் அவார்ட்ஸின் முதல் வருடத்திலேயே அந்த ஆண்டின் சிறந்த கேமாகத் தேர்வானது.

ஈஏ மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. டிராகன் ஏஜ் 2-ஐப் பாருங்கள். முதல் பாகம் வந்து பதினாறே மாதத்தில், 2011 மார்ச்சில் அதை வெளியிட்டார்கள். அதே குகை, அதே கிடங்கு, வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். விளையாடியவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த ஸ்டூடியோ எழுதியவற்றிலேயே துணிச்சலான கதை அதுதான் என்பது என் கட்சி. ஹாக் என்ற கதாநாயகன் எந்த உலகத்தையும் காப்பாற்றுவதில்லை. போரிலிருந்து தப்பி, அகதியாக ஒரு நகரத்துக்கு வந்து, அங்கே சில வருடங்கள் வாழ்கிறான். அம்மாவை இழக்கிறான். அவனுடைய நண்பன் ஒருவனே கோயிலை வெடிவைத்துத் தகர்த்து நகரத்தைக் கலவரத்துக்குள் தள்ளுகிறான். அதைத் தடுக்க நமக்கு எந்த பட்டனும் கிடையாது. இதற்கு இன்னொரு வருடம் கொடுத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவசரம் குகைகளைத்தான் கெடுத்தது, கதையைக் கெடுக்க முடியவில்லை. அதற்கு இன்னும் சில வருடம் ஆனது.

அடுத்த வருடம் மாஸ் எஃபெக்ட் 3 வந்தபோது அதன் முடிவு பெரிய சண்டையானது. மூன்று கேம்களில் நூற்றுக்கணக்கான முடிவுகள் எடுத்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வண்ண வெடிப்புகள். ரசிகர்கள் மூன்று வண்ண க்ரீம் வைத்த 400-க்கும் மேற்பட்ட கப்கேக்குகளை எட்மண்டன் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். எந்த வண்ணத்தை எடுத்தாலும் உள்ளே ஒரே வெனிலா ருசி. நான் படித்த இலக்கிய விமர்சனங்களில் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை.

அந்தப் பாகத்தில் எனக்கு வேறொரு வருத்தம் இருந்தது. பழைய ஸேவ் ஃபைலைக் கொண்டுபோயிருந்தேன். மார்டின் வரவேண்டிய இடத்தில் வேறொரு விஞ்ஞானி நின்றுகொண்டிருந்தார். நான் செய்த தவறை இரண்டு வருடம் கழித்தும் கேம் ஞாபகம் வைத்திருந்தது. முடிவு மோசம்தான். ஆனால் இந்த ஒன்றுக்காக அந்த ஸ்டூடியோவை மன்னித்துவிட்டேன்.

அந்த வருடம் செப்டம்பரில் முசைக்காவும் ஜெஸ்சுக்கும் ஓய்வு பெற்றார்கள்.

4

2019 ஏப்ரலில் கோட்டாகு தளத்தில் ஜேசன் ஷ்ரையர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அந்த ஆண்டு பிப்ரவரியில் வெளியான ஆந்தம் என்ற கேம் எப்படிக் கெட்டுப்போனது என்பதுதான் அதன் விஷயம். அதற்காக, அந்த கேமில் வேலை செய்தவர்களும் ஸ்டூடியோவுக்கு நெருக்கமானவர்களுமாகப் பத்தொன்பது பேரிடம் பேசியிருந்தார். நான் அதை அலுவலகத்தில், மதிய இடைவேளையில் படித்தேன். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

அந்த இடம் இதுதான். பயோவேருக்குள் ஒரு நம்பிக்கை இருந்ததாம். அதற்கு "பயோவேர் மேஜிக்" என்று பெயரே வைத்திருந்தார்களாம். ஒரு கேம் வருடக்கணக்கில் எவ்வளவு குழப்பத்தில் கிடந்தாலும், கடைசிச் சில மாதங்களில் எல்லாம் தானாகக் கூடிவரும். எப்போதும் கூடிவந்திருக்கிறது. இந்த முறையும் வரும்.

நான் கேம் செய்பவன் இல்லை. சாதாரண மென்பொருள் வேலை. ஆனால் அந்த மந்திரத்தை எனக்கு நன்றாகத் தெரியும். "ரிலீஸ் வீக்ல எல்லாம் செட் ஆயிடும் பாஸ்" என்று அதற்கு எங்கள் ஊரில் பெயர். செட் ஆவது என்றால் என்ன? மூன்று பேர் வீட்டுக்குப் போகாமல் இருப்பது. ஒருத்தியின் குழந்தையின் பிறந்தநாளை அவள் போனில் பார்ப்பது. திங்கள்கிழமை கேக் வெட்டி, "டீம் கலக்கிட்டாங்க" என்று ஒரு மெயில். அந்த மெயிலை எழுதியவனாகவும் இருந்திருக்கிறேன், மூன்று பேரில் ஒருவனாகவும் இருந்திருக்கிறேன். மந்திரம் என்ற சொல் வசதியானது. யாருடைய உடம்பிலிருந்து அது எடுக்கப்பட்டது என்று அந்தச் சொல்லுக்குள் தெரியாது.

ஷ்ரையரின் கட்டுரையில் என்னை உலுக்கிய இன்னொரு செய்தி உண்டு. இன்க்விசிஷன் தோற்றிருக்க வேண்டும் என்று அங்கே சிலர் நினைத்தார்களாம். அது கடைசி நேரத்தில் கசக்கிப் பிழிந்து முடிக்கப்பட்ட கேம். தோற்றிருந்தால், இப்படி வேலை செய்யக்கூடாது என்று நிர்வாகத்துக்குப் புரிந்திருக்கும். ஆனால் விருது வாங்கியது. மந்திரம் பலித்துவிட்டது என்று ஆகிவிட்டது. நான் ரசித்து நூறு மணிநேரம் விளையாடிய கேம் அது. அதன் வெற்றியே அடுத்த தோல்விகளுக்கு விதையாக இருந்திருக்கிறது. என் கைத்தட்டலும் அதில் சேர்த்தி.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 மார்ச்சில் மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா வந்தது. ஐந்து வருடத் திட்டம், ஆனால் பெரும்பகுதி கடைசி ஒன்றரை வருடத்தில் செய்யப்பட்டது என்று ஷ்ரையர் முன்பே எழுதியிருந்தார். அதன் முக அசைவுகள் மீம்களாயின. ஆந்தம் ஆறு வருடத்துக்கும் மேலாகக் கருவிலேயே இருந்தது. அது எப்படிப்பட்ட கேம் என்று உள்ளே இருந்தவர்களுக்கே தெளிவில்லை. ஆந்தம் என்ற பெயரே 2017-இன் பெரிய அறிமுக நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்புதான் முடிவானது. மன அழுத்தத்தால் மருத்துவர் சொல்லி விடுப்பில் போனவர்கள் பற்றி அந்தக் கட்டுரை பேசுகிறது. மருத்துவர்கள் ஆரம்பித்த நிறுவனத்தில் இப்படி.

வில்லன் கதைக்கு ஒத்துவராத இரண்டு விவரங்களும் உண்டு. எல்லோரும் திட்டும் ஃப்ராஸ்ட்பைட் என்ஜின், சுடும் கேம்களுக்காக ஈஏவின் டைஸ் ஸ்டூடியோ செய்தது. ஆட்கள் பேசும், பொருட்களைப் பையில் வைக்கும் ஒரு கேமுக்கு வேண்டிய பல வசதிகள் அதில் இல்லவே இல்லை. ஆனால் அதைத் தேர்ந்தது தங்கள் முடிவுதான் என்று அன்றைய பொது மேலாளர் ஆரின் ஃப்ளின் பின்னர் சொல்லியிருக்கிறார். இரண்டாவது, ஆந்தத்தில் எல்லோரும் ஒருமனதாகப் பாராட்டிய ஒரே அம்சம் பறப்பது. அதை ஒருகட்டத்தில் எடுத்தேவிட்டார்கள். ஈஏவின் மேலதிகாரி ஒருவருக்குக் காட்டுவதற்காகத் திரும்பச் சேர்த்தார்கள், அவருக்குப் பிடித்துப்போனதால்தான் அது தங்கியது. வில்லன் வந்து கேமின் ஒரே நல்ல விஷயத்தைக் காப்பாற்றிவிட்டுப் போனான் என்றால், அந்த வீட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது?

5

ஆந்தத்தைப் பிரதியாக வாசித்தால் விடை அங்கேயே இருக்கிறது. வெளியே நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பறக்கலாம், சுடலாம். கதை கேட்க வேண்டுமென்றால் தனியாக டார்சிஸ் கோட்டைக்குள் வர வேண்டும். அங்கே மெதுவாக நடந்து ஒவ்வொருவரிடமும் போகலாம். பேசினால் பெரும்பாலும் இரண்டு பதில்கள், எதைச் சொன்னாலும் பெரிதாக எதுவும் மாறாது. எழுத்தில் சில இடங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வாய்ஸ் சாட்டில் மூன்று பேர் காத்திருக்கும்போது கோட்டையில் நின்று ஒரு கிழவியின் கதையை யார் கேட்பார்கள்? பேச்சு, சண்டைக்கு முன்னால் கடக்க வேண்டிய வராண்டாவாகிவிட்டது.

என் அறைத்தோழனின் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டூடியோ ஏழு வருடம் செலவு செய்திருக்கிறது என்று தோன்றியது. எப்பதான் சுடுவ? அவனிடமே போனில் கேட்டேன். "நீ ஆந்தம் ஆடுனியாடா?"

"இல்லடா. ஃப்ரெண்ட்ஸ் யாரும் ஆடல."

அவ்வளவுதான். பேச்சைப் பொறுக்காதவனுக்காகச் செய்யப்பட்டது, அவனிடமும் போய்ச் சேரவில்லை. பேச்சுக்காகக் காத்திருந்தவன் கோட்டையில் தனியாக நின்றுகொண்டிருந்தேன்.

டிராகன் ஏஜ் தொடரின் முதல் மூன்று பாகங்களுக்கும் தலைமை எழுத்தாளராக இருந்த டேவிட் கைடர் 2016-இல் வெளியேறினார். 2023-இல் அவர் பொதுவெளியில் எழுதியதன் சாரம் இது: எழுத்தாளர்களைப் பெருமையாகக் காட்டிக்கொண்ட நிறுவனம், போகப்போக அவர்களை மௌனமாக வெறுக்கத் தொடங்கியது. நிறைய எழுத்து என்பது செலவு, கம்பெனியின் கழுத்தில் தொங்கும் சுமை என்று பார்க்கப்பட்டது. இதைப் படித்ததும் எனக்குப் பல விஷயங்கள் பிடிபட்டன. பணத்தாசையோ சோம்பேறித்தனமோ மட்டும் இந்தச் சரிவை விளக்கிவிடாது. தன்னை வளர்த்த கலையைப் பார்த்து வெட்கப்படுவதும் ஒருவகைச் சரிவு. பெரிய வீட்டுக்குக் குடிபோனவன், கிராமத்திலிருந்து வந்த அம்மா விருந்தாளிகள் முன் வாயைத் திறந்துவிடக்கூடாதே என்று பயப்படுவது மாதிரி.

அந்தச் சுமைக்கு என்ன மதிப்பு என்று 2023 ஆகஸ்டில் தெரிந்தது. மாதத் தொடக்கத்தில் பால்டர்ஸ் கேட் 3 வெளிவந்தது. பயோவேர் ஆரம்பித்துவைத்த அதே தொடர், செய்தது பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோ. தோழர்கள் பேசிக்கொண்டே இருக்கும், கோபிக்கும், விட்டுப்போகும் கேம். உலகமே அதைத்தான் விளையாடியது. அந்த ஆண்டின் விருதுகளை வாரிச் சென்றது. அதே ஆகஸ்டின் பிற்பாதியில் பயோவேர் சுமார் 50 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. அவர்களில் ஒருவர் மேரி கர்பி. டிராகன் ஏஜ் 2-இன் கதைசொல்லியான வாரிக் என்ற பாத்திரத்தை எழுதியவர். அப்போது செய்துகொண்டிருந்த அடுத்த டிராகன் ஏஜிலும் வாரிக் முக்கியப் பாத்திரம். பாத்திரம் உள்ளே, எழுதியவர் வெளியே. அனுப்பப்பட்டவர்களில் ஏழு பேர் நியாயமான இழப்பீடு கேட்டு வழக்குப் போட வேண்டிவந்தது.

லாரியனைத் தேவதையாக்கவும் வேண்டாம். அவர்களும் பெரிய நிறுவனம்தான், அவர்களுக்கும் கெட்ட காலம் வரலாம். ஆனால் மூன்று வருடம் முடிக்காத கேமை வெளிப்படையாக விளையாடக் கொடுத்து, கேட்டு, திருத்தி, தேவைப்பட்டபோது தேதியைத் தள்ளிவைக்கிற சுதந்திரம் அவர்கள் கையில் இருந்தது. மந்திரத்துக்குப் பதிலாக அவர்கள் நம்பியது நேரத்தை. அதன் பிறகு பால்டர்ஸ் கேட் 4 செய்யமாட்டோம் என்று சொல்லிப் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெயர் இன்னொரு கைக்குப் போகும். அந்தப் பெயருக்கு உயிர் கொடுத்தவர்கள் கூடவே போவதில்லை.

6

2024 அக்டோபர் 31-இல் டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட் வந்தது. பத்து வருடக் காத்திருப்பு. முதலில் ஒரு சிறிய கதையாகத் தொடங்கி, நிறுத்தப்பட்டு, பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமாக மாற்றப்பட்டு, மறுபடி ஒற்றை ஆள் விளையாடும் கதையாகத் திருப்பப்பட்டது. அந்தத் தையல்கள் வெளியே தெரிகின்றன. தோழர்கள் எல்லோரும் நல்லவர்கள். கருத்து வேறுபாடு வந்தால் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். யாரும் நம் மேல் துப்பாக்கி நீட்டுவதில்லை, யாரும் கோயிலை வெடிக்கவைப்பதில்லை. அலுவலகப் பயிற்சி வகுப்பு மாதிரி ஒரு மரியாதை.

என்னை வருத்தியது வேறொன்று. இன்க்விசிஷனில் பழைய பாகங்களின் நூற்றுக்கணக்கான முடிவுகளை எடுத்துவர முடிந்தது. வெயில்கார்ட் நம்மிடம் கேட்பது மூன்றே மூன்று. மூன்றும் இன்க்விசிஷன் பற்றியவை. யாரை அரசனாக்கினோம், யாரை மன்னித்தோம், ஹாக் என்ன ஆனான், எதுவும் அதற்குத் தேவையில்லை. ஞாபகத்தின் கலையை உண்டாக்கிய ஸ்டூடியோ ஞாபகத்தைக் கழற்றிவைத்துவிட்டது. ஞாபகம் வைத்திருந்தவர்களை அனுப்பிய பிறகு கேமுக்கு மட்டும் எங்கிருந்து ஞாபகம் வரும்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெயில்கார்டின் கடைசிச் சில மணிநேரம் நன்றாக இருக்கிறது. சோலஸ் என்ற பழைய தோழனோடு கணக்குத் தீர்க்கும் அந்தப் பகுதியில், போன பாகத்தின் காதலும் துரோகமும் திரும்பி வருகின்றன. கேமுக்கு ஞாபகம் திரும்பும் இடத்தில் கேமுக்கு உயிரும் திரும்புகிறது. சோலஸை எழுதியவரும் வீக்ஸ்தான்.

மூன்று மாதத்தில் ஈஏ கணக்கைச் சொன்னது. அந்தக் காலாண்டில் சுமார் 15 லட்சம் பேர் விளையாடினார்கள், எதிர்பார்த்ததைவிடக் கிட்டத்தட்ட 50 சதவீதம் குறைவு. பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் உலகம் போன்ற அம்சங்களை இன்றைய ஆட்டக்காரர்கள் தேடுகிறார்கள் என்று தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ வில்சன் முதலீட்டாளர்களிடம் விளக்கினார். ஆந்தத்தில் இருந்ததே அந்தப் பகிர்ந்துகொள்ளும் உலகம்தான். 2026 ஜனவரி 12-இல் அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவரும் இனி அதை விளையாட முடியாது. உலகம் முழுக்க ஒரே இரவில் எல்லாப் பிரதிகளும் வெற்றுத் தாளான ஒரு புத்தகத்தைக் கற்பனை செய்யுங்கள். மோசமான புத்தகமாகவே இருக்கட்டும். ஆறேழு வருடம் சிலர் தூக்கமில்லாமல் எழுதியது.

விமர்சகர்களான நாம் இதில் என்ன செய்தோம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். "பயோவேர் எழுதியது" என்று எழுதினோம். பயோவேர் எதையும் எழுதவில்லை. கைடர், கர்பி, வீக்ஸ் எழுதினார்கள். இன்னும் பலர் எழுதினார்கள், நான் பெயர் தேடாமல் விட்டவர்கள். லோகோவை ஆசிரியன் ஆக்கினோம். ஆசிரியர்களை அனுப்பிய பிறகும் அந்த லோகோ நம்மிடம் அடுத்த கேமை விற்றது. பேர் எழுதிவரும் கடைசித் திரையை நான் எத்தனை முறை எஸ்கேப் தட்டித் தாண்டியிருக்கிறேன்!

போன மாதம் மாஸ் எஃபெக்ட் 2-ஐ மறுபடி ஆரம்பித்தேன். காசு கொடுத்து வாங்கிய பிரதி. மார்டினை இந்த முறை பத்திரமாகத் திருப்பி அனுப்பினேன். வழக்கம்போல ஒவ்வொரு தளமாக இறங்கி எல்லோரிடமும் போய் நின்றேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், கேரஸ் என்ற தோழனிடம் ஒருகட்டத்துக்கு மேல் போனால், பீரங்கியைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன், அப்புறம் பேசலாமா என்பான். எத்தனை முறை போனாலும் அதே வரி. விடுதியில் நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

இப்போது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. எழுதிவைத்த சொற்கள் முடிந்துபோன இடம் அது. எட்மண்டனில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு இரவில், இதற்கு மேல் நேரமில்லை என்று அந்த வரியோடு ஃபைலை மூடியிருக்கலாம். நான் இன்னும் இரண்டு தடவை போய் அவனிடம் பேசிவிட்டு, பேர் எழுதிவரும் திரையை முதல் முறையாகக் கடைசி வரை பார்த்தேன்.